பெருந்தொற்றுக் காலத்தில் காவல் நிலையம் ஓடிய விதம்: உள்ளே இருந்தவர்களும் வெளியே நின்றவர்களும் எழுதுங்கள்

பழைய ரைட்டர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டெல்டா பக்கம் ஒரு தாலுகா ஸ்டேஷனில் பல வருடம் ரைட்டராக (வழக்கையும் பதிவேட்டையும் எழுதுகிறவர்) இருந்து, சிறப்பு எஸ்.ஐ. ஆக ஓய்வு பெற்றவன் நான். 2020-ஐப் பற்றிப் பேச்சு வந்தால் தோப்புக்கரணம், கொரோனா ஹெல்மெட், ஆளில்லாத சாலை மேல் பறந்த ட்ரோன் என்று வீடியோவில் பார்த்ததைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஸ்டேஷனுக்குள் தினமும் நடக்கும் வேலை அந்த இரண்டு வருடத்தில் என்ன ஆனது என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். மற்றவர்களும் எழுதுங்கள்.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று இரவே நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்று அறிவிப்பு. எங்கள் ஸ்டேஷனில் ரோலில் 38 பேர். அயல்பணி, கோர்ட் டியூட்டி, மருத்துவ விடுப்பு எல்லாம் போகக் கையில் நிற்பது 22 பேர். அதில் 9 பேரை மாவட்ட எல்லைச் செக்போஸ்ட் எடுத்துக்கொண்டது. 50 வயது தாண்டியவர்களையும் சர்க்கரை உள்ளவர்களையும் வெளி டியூட்டிக்கு அனுப்ப வேண்டாம் என்றார்கள். மீதம் இருந்தவர்களை வைத்துக் கடைவீதி, ரேஷன் கடை, வங்கி வாசல், தனிமைப்படுத்தப்பட்ட தெரு என்று பிரித்தால் இரவு பீட், அதாவது ரோந்து, போக ஆள் இல்லை.

நிறைய பேர் நினைப்பது, ஊரே அடங்கிக் கிடந்தது, போலீசுக்கு வேலை குறைந்திருக்கும் என்று. திருட்டு குறைந்தது உண்மை. எல்லோரும் வீட்டில் இருக்கும்போது எந்த வீட்டில் பூட்டை உடைப்பான்? விபத்தும் குறைந்தது. ஆனால் மனு குறையவில்லை, மனுவின் ஜாதி மாறியது. திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்த்த பிள்ளைகள் ஊருக்குத் திரும்பினார்கள். பத்து வருடமாகப் பொங்கலுக்கு மட்டும் வந்து போனவர்கள் இப்போது மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார்கள். வரப்பைப் பார்த்தார்கள், தென்னை மரத்தை எண்ணினார்கள், பங்கு கேட்டார்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து எங்களுக்கு வந்த மனுக்களில் பாதி அண்ணன் தம்பிப் பாகத் தகராறு.

சாதாரண நாளில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்து, ஊர்ப் பெரியவர் இருவரை வைத்துக்கொண்டு பேசினால் மாலைக்குள் பாதி தணிந்துவிடும். அப்போது அது முடியாது. வாசல் வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் மேசை, அதற்கு இந்தப் பக்கம் ஒரு கயிறு. மனுவை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொல்வோம். பெட்டியை வெயிலில் ஒரு நாள் வைத்து மறுநாள்தான் பிரிப்பேன். காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல். அந்தச் செங்கலைத் தூக்கும்போதெல்லாம், நேற்று வந்தவருக்கு நேற்றே பதில் சொல்லியிருந்தால் இன்று மண்டை உடைந்திருக்காது என்று தோன்றிய நாட்கள் உண்டு. ஒரு மண்டை நிஜமாகவே உடைந்தது.

இன்னொன்று, ரிமாண்ட், அதாவது கைதானவரைச் சிறைக் காவலுக்கு அனுப்புவது. ஜூன் மாதம் ஒரு பைக் திருடனைப் பிடித்தோம். வழக்கமாக அரெஸ்ட் மெமோ, மருத்துவச் சான்று, மாஜிஸ்திரேட், ஜெயில் என்று ஒரே நாளில் முடியும். அப்போது கொரோனா சோதனைக்கு ஸ்வாப் எடுத்து ரிசல்ட் வந்தால்தான் ஜெயிலில் வாங்குவார்கள். ரிசல்ட் வர இரண்டு நாள். லாக்கப்பில் வைக்கப் பயம். அரசுப் பள்ளி வகுப்பறை ஒன்றைத் திறந்து உள்ளே அவனை வைத்து, ஜன்னலுக்கு வெளியே இரண்டு காவலர்கள் ஷிப்ட் போட்டு நின்றார்கள். கரும்பலகையில் மார்ச் மாதத் தேதி அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் பாசிட்டிவ் என்று வந்தது. அவனைப் பிடித்தவர், வண்டியில் கொண்டு வந்தவர், கைரேகை எடுத்தவர், கையெழுத்து வாங்கிய நான் என்று 11 பேர் தனிமைக்குப் போனோம். ஸ்டேஷனைப் பூட்டிப் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டு, பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நாலு நாள் ஸ்டேஷன் நடந்தது. அதன்பின் யாரையும் தொட்டுப் பிடிக்க எங்கள் ஆட்களுக்குக் கை வரவில்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் பறிமுதல் வண்டிகள். அதைத் தனியாக எழுதுகிறேன்.

---

வைகைக்கரை வக்கீல் எழுதியது:

நன்றி ஐயா. இப்படி ஒருவர் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். நீதிமன்றத்துப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது 188. அரசு ஊழியரின் உத்தரவை மீறியதற்கான, அப்போது இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2019-ல் நாடு முழுக்க இந்தப் பிரிவில் 29,469 வழக்குகள். 2020-ல் 6,12,179. அதில் தமிழ்நாட்டின் பங்கு பெரியது. ஆனால் அப்போது இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 195 என்ன சொன்னது? உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்துமூலம் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் 188-ஐக் கையில் எடுக்க முடியும். 2018-ல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இன்னும் தெளிவாகச் சொன்னது: 172 முதல் 188 வரையான பிரிவுகளுக்குப் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. அது வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, லட்சக்கணக்கில் அதே பிரிவில் எஃப்.ஐ.ஆர். நோய் பரப்பும் அஜாக்கிரதைக்கான 269-ஐயும் கூடவே சேர்த்துப் போட்டார்கள், அதற்கு இந்தத் தடை இல்லை என்பதால்.

இரண்டாவது, குற்றப்பத்திரிகைக் கெடு. 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் கைதானவருக்கு ஜாமீன் கிடைக்க வேண்டும், அது உரிமை. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 23-ல் கால வரம்புகளை நீட்டித்தது. அது தங்களுக்கும் பொருந்தும் என்று போலீஸ் தரப்பு வாதாடியது. எங்கள் மதுரைக் கிளையிலேயே ஒரு நீதிபதி பொருந்தாது என்றார், இன்னொருவர் பொருந்தும் என்றார். மதுரை மாவட்டம் சமயநல்லூர் ஸ்டேஷன் வழக்கு ஒன்று டெல்லி வரை போய், 2020 ஜூன் 19-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது: பெருந்தொற்று என்றாலும் ஒருவரைக் கெடு தாண்டிச் சிறையில் வைக்க முடியாது. காசி வழக்கு என்று இன்றும் மேற்கோள் காட்டுகிறோம்.

ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி. அப்போது சிடி ஃபைல்கள், அதாவது மற்ற வழக்குகளின் விசாரணைக் குறிப்பேடுகள், எந்த நிலையில் இருந்தன?

---

பழைய ரைட்டர் எழுதியது:

சார், உள்ளதைச் சொல்கிறேன். பீரோவில் இருந்தன. விசாரணை அதிகாரி செக்போஸ்டில் நின்றார். சாட்சி கன்டெய்ன்மென்ட் தெருவில் இருந்தார். தடயவியல் அறிக்கை வரவில்லை. நான் தினமும் எழுதிய வழக்கு எது தெரியுமா? 188, 269. அதற்குப் படிவம் அச்சடித்தே வைத்திருந்தோம். பெயர், வண்டி எண், இடம் மூன்றையும் நிரப்பினால் போதும். ஒரு வருடத்தில் அந்தப் பிரிவில் பத்து வழக்கு எழுதிய கை, ஒரே நாளில் நாற்பது எழுதியது. மாலை 5 மணிக்கு மாவட்டத்திலிருந்து வயர்லெஸ் மைக்கில் எண்ணிக்கை கேட்பார்கள். எத்தனை வழக்கு, எத்தனை கைது, எத்தனை வண்டி. கொலை வழக்கின் ஃபைல் என்ன ஆனது என்று அந்த நேரத்தில் கேட்டவர் இல்லை.

வண்டிகள் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. முதல் மூன்று வாரத்தில் எங்கள் வளாகத்தில் 400-க்கு மேல் இருசக்கர வண்டி. சாவியைச் சணலில் கட்டி அட்டையில் எண் எழுதி மாட்டினோம். கோடை மழை ஒன்று அடித்து அட்டையில் எழுதிய மை கரைந்துவிட்டது. அப்புறம் 400 சாவியையும் வண்டி வண்டியாகப் போட்டுப் பார்த்தோம், ஒரு ஹோம்கார்ட் தம்பியும் நானும். எலி ஒயரைக் கடித்திருந்தது. பேட்டரி செத்திருந்தது. ஒரு மீன் வியாபாரியின் வண்டி, பின்னால் பெட்டி கட்டிய டி.வி.எஸ். எக்செல். அவர் வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே ஆறு கிலோமீட்டர் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை.

---

நாமக்கல் லாரி எழுதியது:

ரைட்டர் ஐயா, நீங்கள் நல்லவராகத் தெரிகிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். அத்தியாவசியப் பொருள் வண்டிக்குத் தடை இல்லை என்று அரசு முதல் நாளே சொன்னது. நான் வெங்காய லோடு ஏற்றி வந்தேன். கண்ணாடியில் ஒட்டிய தாளும் இருந்தது. மூன்று செக்போஸ்டில் தாளைப் பார்த்து விட்டார்கள். நாலாவதில் தாளைப் பார்க்கும் முன்பே லத்தி விழுந்தது. என் கிளீனர் பையனுக்கும் எனக்கும் முட்டிக்குக் கீழே. இரண்டு நாள் கிளட்ச்சில் கால் வைக்க முடியாமல் நான் பட்ட பாடு தனி. எந்த இடம் என்று எழுத விரும்பவில்லை. எழுதி என்ன ஆகப்போகிறது?

லோடு இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பும்போது இன்னும் மோசம். காலி வண்டி அத்தியாவசியமா என்று கேட்பார்கள். காலி வண்டி திரும்பிப் போகாமல் அடுத்த லோடு எப்படி வரும்? இதை ஒவ்வொரு தடுப்பிலும் விளக்கினேன். சாப்பாட்டுக் கடை கிடையாது, டயர் பஞ்சர் போட ஆள் கிடையாது. ஒரு இடத்தில் மட்டும், அதுவும் ராத்திரி 2 மணிக்கு, ஒரு ஏட்டு தன் டிபன் பாக்ஸில் இருந்த நாலு சப்பாத்தியில் இரண்டை எனக்கும் பையனுக்கும் கொடுத்தார். அதையும் சொல்லாமல் விடக் கூடாது.

---

பழைய ரைட்டர் எழுதியது:

தம்பி, கோபம் எதற்கு. நடந்தது தப்பு. என் ஸ்டேஷன் ஆள் அடிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், எங்கள் ஆட்களும் அடித்தார்கள். வெயிலில் 14 மணி நேரம் நிற்கிறான், வருகிறவன் எல்லாம் பொய் சொல்கிறான் என்ற எண்ணம் மூன்றாம் நாளே வந்துவிடும். எல்லோர் கையிலும் ஒரு மருந்துச் சீட்டு. அதில் பாதி 2018, 2019 சீட்டு, தேதியை மட்டும் திருத்தியது. ஒருநாள் ஒரு பெரியவர் பழைய சீட்டை நீட்டினார். எங்கள் கிரேடு 2 காவலர் பையன் ஒருவன் அதைக் கிழிக்கப் போனான். அவர் பையைத் திறந்து ஃபிளாஸ்க் மூடியைக் கழற்றிக் காட்டினார். ஐஸ் கட்டிக்கு நடுவில் இன்சுலின் பாட்டில். ஊரில் அவர் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை, இரண்டு நாளுக்கு ஒருமுறை டவுனுக்கு வந்து வாங்குகிறார். அந்தப் பையன் சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் ஓரமாக நின்றுகொண்டான்.

எது அத்தியாவசியம் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. ஆணைகள் வாட்ஸ்ஆப்பில் வந்தன. காலையில் ஒன்று, மதியம் அதற்குத் திருத்தம். தடுப்பில் நிற்கும் காவலர் எதைப் படித்தாரோ அதுதான் அந்தச் சாலையின் சட்டம். அவர் படிக்கவில்லை என்றால் அவருடைய மனநிலைதான் சட்டம். நான் பார்த்ததில் பெரிய கேடு இதுதான்.

---

பெண் காவலர் 2011 பேட்ச் எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். நான் சென்னையில் பணியில் இருக்கிறேன், அதனால் ஸ்டேஷன் பெயர் வேண்டாம்.

2020 மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து தொற்று பரவியபோது அங்கே பந்தோபஸ்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. மே 5-ல் மார்க்கெட்டை மூடும்வரை காய்கறி மூட்டைக்கு நடுவில்தான் நின்றோம். இடைவெளி விடுங்கள் என்று மைக்கில் கத்துவோம், ஆனால் மூட்டை தூக்குகிறவர் எப்படி இடைவெளி விடுவார்? ஒரு மூட்டையை இரண்டு பேர் பிடித்தால்தான் தலைக்கு ஏறும்.

எங்களுக்குப் பெரிய கஷ்டம் கழிப்பறை. சாதாரண நாளில் பந்தோபஸ்து போட்டால் பக்கத்து வீட்டில், ஹோட்டலில், பெட்ரோல் பங்கில் கேட்டுப் போவோம். அப்போது ஹோட்டல் இல்லை, வீட்டில் யாரும் சேர்க்கவில்லை. முதல் வாரம் தண்ணீர் குடிப்பதையே விட்டேன். சித்திரை வெயில், முகக்கவசம், கைக்கு ரப்பர் உறை. என்னுடன் நின்ற இரண்டு பேருக்குச் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் என்றதும் கொரோனா என்று பயந்து தனி வார்டில் போட்டார்கள்.

ஜூன் 17 அன்று மாம்பலம் இன்ஸ்பெக்டர் பாலமுரளி இறந்தார். சென்னைக் காவல்துறையில் கொரோனாவுக்குப் போன முதல் உயிர். அடுத்த இரண்டு நாளில், ஜூன் 19-லிருந்து, சென்னையிலும் சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களிலும் முழு ஊரடங்கு. துக்கப்பட நேரம் இல்லை. அன்று இரவு டியூட்டி பிரிக்கும்போது யாரும் எதுவும் பேசாமல் தங்கள் பாயிண்டைக் குறித்துக்கொண்டு போனார்கள். எப்போதும் அந்த நேரத்தில் கொஞ்சம் சண்டை இருக்கும், எனக்கு அந்த பாயிண்ட் வேண்டாம் இது வேண்டாம் என்று. அன்று இல்லை.

ஆனால் என்னால் மறக்க முடியாதது இரண்டாம் அலை. 2021 ஏப்ரல் கடைசியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் ரெம்டெசிவிர் என்ற கொரோனா மருந்து விற்கத் தொடங்கினார்கள். மே 15-ல் நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றினார்கள். வரிசையை ஒழுங்குபடுத்துவது எங்கள் வேலை. விடியற்காலை 3 மணிக்கே நூற்றுக்கணக்கானவர்கள். கையில் ஆதார், ஸ்கேன் அறிக்கை, டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு வைத்திருப்பார்கள். என் முன்னால் ஒரு பெண், கல்லூரிப் படிக்கும் வயது. வரிசையில் நிற்கும்போதே போன் வந்தது. கேட்டுவிட்டு அப்படியே நின்றாள். நான் என்னம்மா என்றேன். "அக்கா, இனி வேண்டாமாம்" என்று சொல்லி, தன் டோக்கனை எடுத்துப் பின்னால் நின்றவரிடம் கொடுத்துவிட்டு நடந்து போனாள். அவளைக் கூட்டத்திலிருந்து வெளியே வழிவிட்டு அனுப்பத்தான் என்னால் முடிந்தது.

வீட்டில் என் மகனுக்கு அப்போது 4 வயது. மாடிப்படியில் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓடிவிடுவான், அது விளையாட்டு என்று அவனுக்குச் சொல்லி வைத்திருந்தார் அவன் அப்பா.

---

தாமிரபரணி கடைக்காரர் எழுதியது:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். காவலர் சகோதரி எழுதியதைப் படித்து மனது கனத்தது. ஆனாலும் இந்த இழையில் சாத்தான்குளம் என்ற பெயர் இதுவரை வரவில்லை. நான் தூத்துக்குடி மாவட்டத்தில் கடை வைத்திருப்பவன். எங்களுக்கு அது இல்லாமல் 2020 இல்லை.

கடையை எத்தனை மணிக்குச் சாத்த வேண்டும் என்பது ஒரு ஊரடங்கு விதி. அந்த விதியை மீறினார் என்று சொல்லி ஜூன் 19-ல் சாத்தான்குளம் வியாபாரி ஜெயராஜைப் போலீசார் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். மகன் பென்னிக்ஸ் தேடிப் போனார். ஸ்டேஷனில் வைத்து இருவரையும் அடித்தார்கள். 22-ம் தேதி மகன் இறந்தார், 23-ம் தேதி அப்பா இறந்தார். செல்போன் கடை நடத்தியவர்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து எடுத்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டுக்கு ஸ்டேஷனில் கேமரா பதிவு கிடைக்கவில்லை, தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். அங்கே பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ரேவதி சாட்சி சொன்னார். சி.பி.ஐ. ஒன்பது போலீசார் மீது குற்றப்பத்திரிகை போட்டது. கைதானவர்களில் ஒருவரான சிறப்பு எஸ்.ஐ. அதற்கு முன்பே, ஆகஸ்டில், கொரோனாவால் இறந்துவிட்டார்.

அந்த வாரம் எங்கள் கடைவீதியில் மாலை நேரம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். அனுமதித்த நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே ஷட்டர் இழுக்கும் சத்தம் வரிசையாகக் கேட்கும். வாடிக்கையாளர் காசு கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பாதி ஷட்டரை இறக்குவேன். ஜீப் சத்தம் கேட்டால் என் மகன் கல்லாவிலிருந்து எழுந்து உள்ளே போய்விடுவான். அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை.

நோய்த்தொற்று சட்டம் 1897-ஐச் சேர்ந்தது. பிளேக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டது. அதன் கீழ் கடை நேரம் தாண்டினால் என்ன தண்டனை? அப்போது 188-ல் இருந்ததுதான், அபராதம் அல்லது சில மாதம் சிறை. அதற்கு உயிரா?

---

பழைய ரைட்டர் எழுதியது:

கடைக்கார ஐயா, நான் அதை எழுதாமல் விட்டது தப்புதான். எழுதத் தயக்கம் இருந்தது. என் சர்வீஸில் எங்கள் உடுப்பைப் பற்றி நான் தலைகுனிந்தது அந்த வாரம். நாங்கள் ரோலில் நின்றபோது எங்கள் இன்ஸ்பெக்டர் சொன்னது ஒன்றே: 188-க்கு யாரையும் ஸ்டேஷனுக்குள் கொண்டு வராதீர்கள், சாலையிலேயே முடியுங்கள். முன்னாடியே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. ரேவதி அம்மா சாட்சி சொன்ன செய்தி வந்தபோது எங்கள் ஸ்டேஷன் பெண் காவலர்கள் டிவி முன்னால் நின்று பார்த்தார்கள். ஒரே ஸ்டேஷனில் வேலை பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்வது எத்தனை பெரிய காரியம் என்று எங்களுக்குத் தெரியும்.

அதன்பின் ஜூலையில், போலீசுக்கு உதவும் தன்னார்வலர்களின் ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் அமைப்புக்கு அரசு தடை போட்டது. ஊரடங்கில் ஆள் பற்றாமல் அந்தப் பையன்களைத் தடுப்பில் நிறுத்தினோம், அவர்கள் கையில் லத்தியும் போனது. அது நடந்திருக்கக் கூடாது.

---

வைகைக்கரை வக்கீல் எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. 2020 டிசம்பர் 2-ல் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் கட்சிக்காரரையோ உறவினரையோ ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள் என்றால், அன்றே அந்தப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எழுத்தில் மனு கொடுங்கள். நான் ஒவ்வொரு வழக்கிலும் இதைச் செய்கிறேன்.

---

லைன் வீட்டுப் பொண்ணு எழுதியது:

அப்பா ஆயுதப்படையில் ஏட்டு. 2020-ல் அவருக்கு விழுந்த டியூட்டி, அடக்கத்துக்குப் பாதுகாப்பு. ஏப்ரல் 19-ல் சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் உடலை அடக்கம் செய்ய விடாமல் கும்பல் கல்லெறிந்ததும், அவர் நண்பர் டாக்டர் பிரதீப் குமார் தானே மண்வெட்டி எடுத்து மண் தள்ளியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன்பின் அடக்கத்தைத் தடுத்தால் ஒன்று முதல் மூன்று வருடம் சிறை என்று அரசு அவசரச் சட்டம் போட்டது. சட்டம் போட்டால் அதைக் காக்க ஆள் வேண்டுமே. எங்கள் மாவட்டத்தில் கொரோனா உடல் போகும்போது கூடவே ஒரு வேனில் நாலு பேர் போவார்கள்.

அப்பா வீட்டில் பேசாத மனிதர். ஒருநாள் மட்டும், கொல்லையில் வெந்நீரில் உடுப்பை ஊற வைத்துக்கொண்டே சொன்னார். ஒரு அடக்கத்தில் குடும்பத்தார் யாரும் வரவில்லை, எல்லோரும் தனிமையில். சுகாதாரப் பணியாளர் மூன்று பேர், போலீஸ் நாலு பேர். குழியில் இறக்கியதும் ஒரு பிடி மண் போட யாரும் இல்லை. சடங்கு தெரியாது, அவர் என்ன மதம் என்றுகூட அப்பாவுக்குத் தெரியாது. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நாலு பேரும் ஆளுக்கு ஒரு பிடி போட்டார்களாம். "பேர்கூடத் தெரியாதுடி" என்றார்.

அப்பா நலமாக இருக்கிறார். 2021-ல் டி.ஜி.பி.யாக வந்த சைலேந்திர பாபு வார விடுமுறை கொடுக்கச் சொன்னார், பிறகு அரசாணையும் வந்தது. அந்த விடுமுறையை அப்பா எடுத்த முதல் ஞாயிறு அவர் 16 மணி நேரம் தூங்கினார். நாங்கள் மூச்சு வருகிறதா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தோம்.

---

குடும்ப ஆலோசகர் எழுதியது:

பெண்களுக்கான உதவி மையத்தில் வேலை பார்க்கிறேன். வராத புகார்களைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

2020-ல் பெண்களுக்கு எதிரான குற்ற வழக்குகள் நாடு முழுக்க 8 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாகக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அதைப் பார்த்து நல்ல செய்தி என்று எழுதியவர்கள் உண்டு. அடிபடுகிற பெண் எப்படிப் புகார் கொடுப்பாள் என்று யோசியுங்கள். கணவர் வேலைக்குப் போனபின் அம்மா வீட்டுக்குப் போகிறேன், கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்பித்தான் மகளிர் ஸ்டேஷன் படி ஏறுவாள். ஊரடங்கில் அவர் வேலைக்குப் போகவில்லை, கோயில் இல்லை, பஸ் இல்லை. தெருமுனையில் போலீஸ் நிற்கிறது, ஆனால் அந்தப் போலீஸ் கேட்கும் கேள்வி எங்கே போகிறாய், பாஸ் எங்கே என்பதுதான்.

எனக்கு ஒரு பெண் போன் செய்வார். பேச மாட்டார். பிரஷர் குக்கர் சத்தம் மட்டும் கேட்கும். நான்காவது நாள்தான் புரிந்தது, விசில் வரும்போது மட்டும் பேசுகிறார். ஒரு விசிலுக்கு ஒரு வாக்கியம். அவர் முகவரியைச் சேகரிக்க மூன்று நாள் ஆனது. ஸ்டேஷனுக்குச் சொன்னேன். இரண்டு பெண் காவலர்கள் தனிமைப்படுத்தல் கணக்கெடுப்பு என்று சொல்லிக்கொண்டு, கையில் நோட்டோடு அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் போனார்கள். அந்த வீட்டிலும் அதே கேள்விகளைக் கேட்டு, வெப்பநிலை பார்க்க வேண்டும் என்று அவரை மட்டும் வாசலுக்கு வரவழைத்துக் கூட்டி வந்தார்கள். அந்த இரண்டு பேரை எந்த ஆணையும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

---

நாமக்கல் லாரி எழுதியது:

அக்கா, அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறார்?

---

குடும்ப ஆலோசகர் எழுதியது:

தையல் வேலை செய்கிறார். நலம்.

---

மார்ச் 28 எக்செல் எழுதியது:

ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறேன், இன்று ஒரு உதவி கேட்க எழுதுகிறேன். 2020 மார்ச் 28-ல் அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போனபோது என் மேல் 188, 269-ல் வழக்கு. பேர், ஊர் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு அனுப்பினார்கள், வண்டி ஒரு மாதம் கழித்து வந்தது. அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன். இப்போது வெளிநாட்டு வேலைக்காகப் பாஸ்போர்ட் விண்ணப்பித்தேன். விசாரணைக்கு வந்தவர், உங்கள் மேல் ஒரு வழக்கு காட்டுகிறது என்கிறார். 2021-ல் அரசு எல்லாவற்றையும் கைவிட்டதே?

---

வைகைக்கரை வக்கீல் எழுதியது:

தம்பி, பதற வேண்டாம். 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் பழனிசாமி அறிவித்தது சுமார் 10 லட்சம் ஊரடங்கு வழக்குகளுக்கு. வன்முறை, போலி இ-பாஸ், போலீசைத் தடுத்தது ஆகியவை மட்டும் விலக்கு. உங்களுடையது அதில் வராது. ஆனால் அரசு கைவிட்டேன் என்றால் மட்டும் போதாது, அந்த ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் அந்த எண்ணுக்கு நேராக முடிந்தது என்று ஏற வேண்டும். 10 லட்சத்தில் எத்தனையோ அப்படி ஏறாமல் கிடக்கின்றன.

முதலில் எஃப்.ஐ.ஆர். எண்ணைக் கண்டுபிடியுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் ஸ்டேஷன் பெயரும் எண்ணும் போட்டுத் தேடினால் நீதிமன்றத்தில் எண்ணாகியிருக்கிறதா, அதாவது வழக்கு எண் கொடுத்திருக்கிறார்களா என்று தெரியும். எண்ணாகவில்லை என்றால், 188-க்கும் 269-க்கும் வழக்கை நீதிமன்றம் எடுக்க ஒரு வருடம்தான் கெடு. கொரோனாவுக்காக நீட்டித்த காலத்தைக் கழித்துப் பார்த்தாலும் எப்போதோ தாண்டிவிட்டது. ஸ்டேஷனில் மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது என்று அறிக்கை வாங்கி, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் முடித்த உத்தரவின் சான்று நகல் எடுத்துப் பாஸ்போர்ட் அலுவலகத்தில் கொடுங்கள். அவர்கள் இழுத்தடித்தால் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு. இப்படிப் பல ரத்தாகியிருக்கின்றன.

---

பழைய ரைட்டர் எழுதியது:

தம்பி, ஸ்டேஷனுக்குப் போனால் நேராக ரைட்டரைப் பாருங்கள். ஊரடங்கு வழக்கு என்று மட்டும் சொன்னால் தேட மாட்டார், அந்த மாதத்தில் அப்படி ஆயிரம் இருக்கும். தேதி, இடம், வண்டி எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தப் படிவத்தில் நாங்கள் நிரப்பியதே அந்த மூன்றைத்தான். காலை 11 மணிக்கு மேல் போங்கள், ரோல்காலும் தபாலும் முடிந்து கொஞ்சம் ஓய்வாக இருப்பார். வண்டியைத் திருப்பித் தந்தபோது கையெழுத்து வாங்கிய ரசீது வைத்திருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், அதில் குற்ற எண், அதாவது எஃப்.ஐ.ஆர். எண், இருக்கும்.

---

மார்ச் 28 எக்செல் எழுதியது:

ரசீது இருக்கிறது ஐயா. அம்மா மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்தார்கள், இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். எண் மங்கலாக இருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது. திங்கட்கிழமை 11 மணிக்குப் போகிறேன். போய் வந்து இங்கேயே எழுதுகிறேன்.